கம்பளித் தொப்பிக்குள் ஒன்பது சீட்டுகள்

சாஸ்கட்டூனில் பிப்ரவரி.
மைனஸ் முப்பத்து நான்கு.
ஆற்றிலிருந்து எழுந்த ஆவி
பாலத்தின் கால்களை அழித்துவிட்டிருந்தது.
காரின் மூக்கை மின்கம்பியில் கட்டிப்போட்டுவிட்டு
ஒவ்வொருத்தியாக உள்ளே வந்தோம்,
இமைமயிரில் உறைபனியோடு.

நூலகத்தின் கீழ்த்தளம், இலவச அறை,
மாதத்தின் முதல் புதன்.
எட்டரைக்குள் காலி செய்ய வேண்டும்,
பிறகு அங்கே குழந்தைகளுக்குக் கதைநேரம்.

நெட்டி ஃப்ரீசன் உரச் சுரங்கத்தின் குரல்.
ஹால்யா மருத்துவமனையின் குரல்.
ஒயிண்டா பேருந்துக் கழகத்துக்காக
இந்தக் குளிர்காலத்தில் மட்டும்
நாற்பத்தோரு முறை வருந்தியிருக்கிறாள்,
ஒருநாளும் தாமதமாக வராதவள்.
நான் குடிநீர் வாரியம்.
கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்பதை
யாரும் பயந்துவிடாமலும்
யாரும் அலட்சியம் செய்யாமலும்
பன்னிரண்டு சொல்லில் எழுதத் தெரியும் எனக்கு.
அதன் கீழே மேயரின் பெயர் இருக்கும்.

அன்றைய தலைப்பு, நெருக்கடியில் பேசுவது எப்படி.
பேச வேண்டியவர் டொரொன்டோவில்,
விமானத்தின் இறக்கையில் பனி.
ஒன்பது பெண்கள், ஒரு வெள்ளைப் பலகை,
ஆறிக்கொண்டிருக்கும் காப்பி.

மார்லிஸ்தான் தொப்பியைக் கழற்றினாள்.
ஜனவரியில் அவளை வேலையைவிட்டு அனுப்பினார்கள்.
'புதிய வாய்ப்புகளைத் தேடிச் செல்கிறார்'
என்ற அறிக்கையையும் அவளையே எழுதவைத்தார்கள்.
அதில் ஒரு பிழை இல்லை.
'என் நாற்காலிக்கு விளம்பரம் வந்திருக்கிறது,
எனக்குக் கொடுத்ததைவிடப் பதினான்காயிரம் அதிகம்' என்றாள்.
'சம்பளத்தை எழுதிப் போடுங்கள், எத்தனை வருடம் என்பதையும்.
பெயர் வேண்டாம்.'

சொல்லை விற்றுப் பிழைக்கிறவர்கள்,
ஒருத்திக்கும் வாய் எழவில்லை.
சுவரோரம் வெப்பக்குழாய் டக், டக்.

பிறகு பேனாக்கள் கைமாறின.
கையெழுத்தை மாற்றி எழுதினோம்.
நான் இரண்டாயிரம் டாலர் கூட்டி எழுதினேன்.
பெயரே இல்லாத சீட்டில்
யாரிடம் எனக்கு வெட்கம்?

மார்லிஸ் பலகையில் ஏற்றிக்கொண்டே போனாள்.
நான்கு வருடம், எழுபத்தோராயிரம்.
பதினொன்று, ஐம்பத்தெட்டு.
பத்தொன்பது வருடம், அறுபத்திரண்டு.
யாருடையது என்று யாரும் கேட்கவில்லை.
நெட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்,
அது சுத்தமான பிறகும் துடைத்தாள்.

'எழுபத்தொன்று நான்தான்' என்றாள் ஒயிண்டா.
'மூன்று முறை கேட்டேன்.
முதல் இரண்டு முறையும்
கேட்டுவிட்டுப் போய் வாந்தி எடுத்தேன்.'

ஹால்யா மேலதிகாரி ஆனாள், கால்மேல் கால் போட்டு.
நெட்டி எதிரே நின்றாள்.
'மன்னிக்கவும்...'
வெட்டு, என்றோம்.
'உங்களுக்கு நேரம் இருந்தால்...'
வெட்டு.
'ஒருவேளை வரும் நிதியாண்டில்...'
அதையும்.
கடைசியில் மிஞ்சியது:
எனக்கு எண்பதாயிரம் வேண்டும்.
'முற்றுப்புள்ளி வைத்ததும் வாயை மூடிக்கொள்,
அதுதான் இருப்பதிலேயே கஷ்டம்' என்றாள் ஒயிண்டா.
நெட்டி மூடிக்கொண்டாள்.
நாங்களும்.
அந்த அமைதி எவ்வளவு நீளம் என்று
எங்களில் யாருக்கும் முன்பு தெரியாது.

வாசலில் குட்டி பூட்ஸ்கள் வந்துவிட்டன.
எண்களை அவசரமாக அழித்தோம்.

வெளியே என் கைப்பேசி அலறியது,
முப்பத்துமூன்றாம் தெருவில் குழாய் வெடிப்பு.
கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி
நின்றபடியே எழுதினேன்.
மார்லிஸ் தோள்வழியே எட்டிப் பார்த்து
ஒரு காற்புள்ளியை எடுக்கச் சொன்னாள்.
வேலை போய் ஆறு வாரம்,
கண் இன்னும் கத்திதான்.

'கீழே யார் பெயர்?'

மேயரின் பெயரைத்தான் போட்டேன்.
அனுப்புமுன் ஒரு நொடி
கட்டைவிரல் அப்படியே நின்றது,
குளிரில் என்று வைத்துக்கொள்ளலாம்.

நெட்டிக்கு வெள்ளிக்கிழமை சந்திப்பு.
இன்று வியாழன்.
ஒன்பது கைப்பேசிகளும்
திரை மேலே தெரிய மேசைமேல் கிடக்கின்றன.